காளியை யார் பரிசோதிப்பது?

மலடி என்ற சொல்லுக்கு ஆண்பாலாக மலடன் என்று ஒரு சொல் தமிழில் உண்டு. இலக்கணப்படி அதில் குற்றமில்லை. ஆனால் குழாயடியில், பேருந்தில், வளைகாப்பு நடக்கும் வீட்டின் கூடத்தில் அந்தச் சொல்லைக் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? பெண்ணுக்கோ மலடி, வறடி, இருசி என்று ஒன்றுக்கு மூன்றாகச் சொற்கள் இருக்கின்றன. மாட்டுக்கும் மண்ணுக்கும் சொல்வதையே பெண்ணுக்கும் சொல்லக் கூச்சப்படாத மொழி, ஆண் என்று வந்ததும் தடுமாறி வேறொரு சொல்லைத் தேடிப் போகிறது: ஆண்மைக் குறைவு.

இந்த இரண்டு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முதல் சொல் பெண் எதைத் தரவில்லை என்கிறது. இரண்டாவது சொல் ஆண் எதுவாக இல்லை என்கிறது. பெண்ணின் குறை அவள் வயிற்றில் இருக்கிறது. ஆணின் குறையோ அவன் ஆணாக இருப்பதிலேயே இருக்கிறது. அதனால் பெண்ணின் குறையை ஊரே பேசலாம். ஆணின் குறையை மருத்துவரின் அறைக்குள்கூடப் பேச முடிவதில்லை. ‘விந்தணு இல்லை’ என்னும் ஆய்வக முடிவு, வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ‘ஆணே இல்லை’ என்னும் தீர்ப்பாகிவிடுகிறது. தீர்ப்புக்குப் பயந்தவர் சோதனைக்கே போவதில்லை. அவர் போகாத இடங்களுக்கெல்லாம் அவர் மனைவி போகிறார்.

குழந்தையில்லாத் தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் ஆணின் உடலிலும் காரணம் இருக்கிறது என்பது மருத்துவத்தின் பொதுவான கணக்கு. அந்தக் காரணங்களில் பலவற்றுக்கு நேரடியான மருந்து இன்றும் கிடையாது. ஹார்மோன் குறைபாட்டால் வருவது அதில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். அந்தச் சிறு பகுதியை இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. ஆணின் உடலில் உள்ள காரணத்தை ஆணின் உடலுக்கே மருந்து கொடுத்துச் சரிசெய்ய முடிகிற மிகச் சில நிலைகளில் அது ஒன்று. மருந்து இருக்கும் இடத்திலும் மருந்து போய்ச் சேரவில்லை என்றால், வாசலை மறித்து நிற்பது எது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

*

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து அது எரிக்கப்பட்டதும், 2015 ஜனவரியில் எழுத்தாளர் தன்னை இறந்தவனாக அறிவித்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்ததும் நமக்குத் தெரியும். அந்தச் சர்ச்சையில் பேசப்பட்டவை பொன்னாவின் கற்பு, ஊரின் மானம், சாதியின் மானம், எழுத்தின் உரிமை. காளியின் உடலைப் பற்றிப் பேச்சே எழவில்லை. எரித்தவர்களுக்கும் அது கேள்வியாகத் தோன்றவில்லை; எரிப்பைக் கண்டித்த நம்மில் பலருக்கும் தோன்றவில்லை.

நாவலுக்குள் போனால், பன்னிரண்டு ஆண்டுகளாகப் பிள்ளையில்லாத தம்பதி. பொன்னா கசப்பு மருந்துகளைக் குடிக்கிறாள். திருச்செங்கோட்டு மலையின் வறடிக்கல்லைச் சுற்றுகிறாள். சினைப்பிடிக்காத கிடாரியை ஓட்டிப்போக வந்த தரகன், சில மாடுகள் அப்படித்தான் என்ற சாக்கில் அவளையும் சேர்த்தே பேசிவிட்டுப் போகிறான். ஊர்ப்பேச்சு காளியையும் விடுவதில்லை. அவனும் வேண்டுதல்களில் அலைகிறான். ஆனால் நாவலில் முன்வைக்கப்படும் இரண்டு தீர்வுகளைக் கவனியுங்கள். ஒன்று, காளிக்கு இன்னொரு பெண்ணைக் கட்டிவைப்பது. மற்றது, பதினான்காம் நாள் திருவிழாவுக்குப் பொன்னாவை அனுப்புவது. முதலாவது, விதையை அப்படியே வைத்துக்கொண்டு நிலத்தை மாற்றிப் பார்க்கும் சோதனை. இரண்டாவது, நிலத்தை வைத்துக்கொண்டு விதையை மாற்றிப் பார்க்கும் சோதனை. குறை யாரிடம் என்று அறியும் வழிகள்தான் இரண்டும். இரண்டும் நடக்கப்போவது பெண்ணின் உடலில்.

தொடர்ச்சியாக வந்த ‘ஆலவாய’னில் பொன்னா கருவுற்றிருக்கிறாள். பன்னிரண்டு ஆண்டுகள் எவரும் எழுதாத காளியின் அறிக்கை அவள் வயிற்றில் எழுதப்படுகிறது. அதைப் படிக்கக் காளி உயிரோடு இல்லை.

நாவலைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. விடுதலைக்கு முந்தைய காலத்துக் கொங்கு நாட்டுக் குடியானவனை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்வது விமர்சனமாகாது. சொல்லப்போனால், நம் பொதுப்புத்தி அறியாத ஒன்றை அந்த நாவல் அறிந்திருக்கிறது. காளிக்கும் பொன்னாவுக்கும் இடையிலான உடல் மகிழ்ச்சி குறைவற்றது என்பதை அது திரும்பத் திரும்பச் சொல்கிறது. காமமும் வலிவும் நிறைந்த ஓர் ஆணுக்கும் பிள்ளை பிறக்காமல் போகலாம்; ‘ஆண்மை’ என்று நாம் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருப்பது உண்மையில் வெவ்வேறு பொருள்கள். நாவலுக்கு இது தெரிந்திருக்கிறது. அதன் மனிதர்களுக்குத் தெரியவில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பிள்ளையற்ற வாழ்வின் சுதந்திரத்தைச் சிரித்தபடி கொண்டாட நாவலில் ஒருவருக்கு முடிகிறது. அது நல்லுப்பையன் சித்தப்பா. அப்படிச் சிரிக்கும் ஒரு சித்தியை அந்த ஊர் விட்டுவைத்திருக்காது.

வகுப்பில் இந்த நாவலைப் பேசும்போதெல்லாம் விவாதம் பதினான்காம் நாள் இரவில் போய் நின்றுவிடும். பொன்னா போனது சரியா, தவறா. அவளை ஏமாற்றி அனுப்பியவர்கள் யார் யார் என்று குரல்கள் உயரும். ஒருமுறை பின்வரிசை மாணவி ஒருத்தி, “ஏன் மேம், காளிய டெஸ்ட் பண்ண அந்தக் காலத்துல வழியே இல்லையா?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. பெண்களும் சிரித்தார்கள். பொன்னா குடித்த கசப்புக்கோ அவள் சுற்றிய கல்லுக்கோ யாரும் சிரிக்கவில்லை. காளியின் உடல் ஒரு சோதனைக்கு உட்படலாம் என்ற எண்ணம்தான் அவர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. அந்த மாணவியின் கேள்வி வேடிக்கை அல்ல. அதற்கு இன்று என்ன விடை இருக்கிறது என்று பார்க்கலாம்.

*

மூளையின் அடியில் ஹைப்போதலாமஸ் என்றொரு சிறிய பகுதி இருக்கிறது. ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அது ஒரு ஹார்மோனைத் துளித் துளியாக, துடிப்புபோல அனுப்புகிறது. ஜி.என்.ஆர்.எச். என்பது அதன் சுருக்கப் பெயர். அந்தத் துடிப்பைப் பெற்றுக்கொண்டு, கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. எல்.எச். ஆணின் விரைக்குப் போய் டெஸ்டோஸ்டீரானைச் சுரக்கவைக்கிறது. எஃப்.எஸ்.எச். விந்தணுக்களை ஊட்டி வளர்க்கும் செல்களை வேலை வாங்குகிறது. இதில் எஃப்.எஸ்.எச். என்பதன் விரிவைப் பார்த்தால், சினைமுட்டை வளரும் நுண்ணறையைத் தூண்டுவது என்று பொருள். பெண்ணுடலில் கண்டு பெண்ணுடலுக்கு வைத்த பெயரோடுதான் அது ஆணின் ரத்தத்திலும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆணுக்குத் தனி, பெண்ணுக்குத் தனி என்று உடல் சுவர் எழுப்பவில்லை. நாம்தான் எழுப்பினோம்.

மேலிருந்து வரும் இந்தச் செய்தி நின்றுபோனால் விரை நல்ல நிலையில் இருந்தும் வேலை செய்யாது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டாருக்கு மின்சாரம் வரவில்லை என்பதுபோல. சிலருக்கு இது பிறவியிலேயே இருக்கும். பருவ வயதில் குரல் உடையாது, மீசை அரும்பாது. பள்ளியில் அந்தப் பையன் படும் பாட்டை நாம் கற்பனை செய்துகொள்ளலாம். ‘ஆண்மை’ என்ற சொல்லின் முதல் அடி விழுவது அவன்மேல்தான். வேறு சிலருக்கு எல்லாம் சரியாக நடந்து, பிறகு நின்றுபோகும். பிட்யூட்டரியில் ஒரு கட்டி, அதற்கான அறுவை, தலையில் கதிர்வீச்சு, விபத்தில் பட்ட காயம், உடலில் இரும்புச்சத்து அளவுக்கு மீறிச் சேர்வது என்று காரணங்கள் பல. பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் ஆணுக்கு மிகுந்துவிட்டாலும் இப்படி ஆகும். பெரும்பாலும் அதற்கு மாத்திரையே போதும்.

பிறவிக் குறைபாட்டில் ஒரு வகை, 1944இல் அதை விவரித்த மருத்துவர் பெயரால் கால்மன் நோய்க்குறி எனப்படுகிறது. இந்த வகையினருக்கு வாசனை தெரியாது, அல்லது மிகக் குறைவாகவே தெரியும். கரு வளரும்போது ஜி.என்.ஆர்.எச். சுரக்கும் நரம்புச் செல்கள் பிறப்பது மூளையில் அல்ல. மூக்கு உருவாகும் இடத்தில். வாசனை நரம்பின் தடத்தைப் பிடித்துக்கொண்டு அவை மூளைக்குள் நடந்து போக வேண்டும். அந்தத் தடம் சரியாக அமையாதபோது இரண்டும் சேர்ந்தே குறைபடுகின்றன. காமத்தையும் பூவையும் பிரிக்காத மொழியில் வாழும் நமக்கு இது வியப்பாக இருக்காது. ஆனால் இதில் நடைமுறைச் செய்தி ஒன்றும் இருக்கிறது. தலையில் வைத்த மல்லிகை அவருக்கு மணக்கவில்லை, அடுப்பில் பால் தீய்ந்த வாடை அவருக்குத் தெரியவில்லை என்பதை முதலில் கவனிக்கக்கூடியவர் மனைவி. அதை மருத்துவரிடம் சொன்னால் அது குறிப்பு. சொல்லாமல் விட்டால் வீட்டுக்குள் ஒரு சிறு வருத்தம், அவ்வளவுதான்.

கண்டுபிடிக்கும் வழி கடினமானதல்ல. ஒரு விந்துப் பரிசோதனை. காலையில் எடுக்கும் ரத்தத்தில் டெஸ்டோஸ்டீரான், எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் அளவுகள். தேவைப்பட்டால் மூளைக்கு ஒரு ஸ்கேன். டெஸ்டோஸ்டீரான் குறைந்து எஃப்.எஸ்.எச். ஏறியிருந்தால், மூளை கத்திக் கூப்பிட்டும் விரையால் பதில் சொல்ல முடியவில்லை என்று பொருள். அங்கே இந்த ஹார்மோன் ஊசிகளால் பயனில்லை. டெஸ்டோஸ்டீரானோடு மற்ற இரண்டும் குறைந்திருந்தால், கூப்பிடும் குரல்தான் இல்லை. குரலை வெளியிலிருந்து கொடுக்கலாம். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு தாளில் நான்கு எண்கள்.

சிகிச்சை இப்படி நடக்கிறது: எல்.எச்.சின் வேலையைச் செய்யும் எச்.சி.ஜி. ஊசி வாரத்துக்கு இரண்டோ மூன்றோ முறை. சில மாதங்களில் டெஸ்டோஸ்டீரான் ஏறும். விந்தணு வரவில்லை என்றால் எஃப்.எஸ்.எச். ஊசியும் வாரம் மூன்றாகச் சேரும். ஒரு விந்தணு உருவாகி முடியவே 74 நாள் அளவுக்கு ஆகும் என்பதால் அவசரம் செல்லாது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுவரை பொறுத்திருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு விந்தணுக்கள் தோன்றுகின்றன. விரை இறங்காமல் பிறந்தவர்களுக்கும், அது மிகச் சிறியதாக இருப்பவர்களுக்கும் வாய்ப்புக் குறைவு. வழக்கமான அளவைவிடக் குறைந்த எண்ணிக்கையிலேயே இயல்பாகக் கருவுற்ற தம்பதியர் பலர். காளிக்கு இந்தக் குறைபாடுதான் இருந்தது என்று நான் சொல்லவில்லை. அவனுடைய வலிவைப் பார்த்தால் வேறு காரணமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் எந்தக் காரணம் என்று அறிய, முதலில் அவன் உடல் ஒரு கேள்வியாக வேண்டும்.

*

இங்கேதான் ‘ஆண்மை’ தன் முழு வேடத்தையும் காட்டுகிறது. டெஸ்டோஸ்டீரான் குறைந்திருக்கிறது என்றால் டெஸ்டோஸ்டீரானையே ஊசியாகப் போட்டால் என்ன என்று யாருக்கும் தோன்றும். போட்டால் தாடி அடரும், குரல் தடிக்கும், தசை ஏறும், ஆசை கூடும். ஊர் ஆண்மை என்று எதையெல்லாம் சொல்கிறதோ அதெல்லாம் வரும். விந்தணு மட்டும் வராது. அதுமட்டுமல்ல, நன்றாக இருப்பவருக்குப் போட்டால் இருக்கும் விந்தணுவும் போய்விடும். ரத்தத்தில் டெஸ்டோஸ்டீரான் நிறைந்திருப்பதைப் பார்க்கும் மூளை, போதும் என்று எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் நிறுத்திவிடுகிறது. விந்தணு வளர, விரைக்குள்ளேயே சுரந்து அங்கேயே தேங்கும் டெஸ்டோஸ்டீரான் ரத்தத்தில் இருப்பதைப்போலப் பல மடங்கு வேண்டும். வெளியிலிருந்து போடும் ஊசியால் அந்த அளவை அங்கே எட்ட முடியாது.

இது ஊகமல்ல. உலக சுகாதார நிறுவனம் ஆண்களுக்கான கருத்தடை முறையாக இதையே சோதித்தது. வாரம் ஒரு டெஸ்டோஸ்டீரான் ஊசி போட்டுக்கொண்ட ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு விந்தணு எண்ணிக்கை சுழியத்துக்கே இறங்கியதை 1990இல் வெளியான அதன் ஆய்வு காட்டியது. உடற்பயிற்சிக் கூடங்களில் மார்பும் தோளும் திரள இளைஞர்கள் ரகசியமாகப் போட்டுக்கொள்ளும் ஸ்டீராய்டு ஊசிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. நிறுத்தினால் பெரும்பாலோருக்கு மாதங்கள் கழித்துத் திரும்புகிறது. சிலருக்கு நெடுநாள் ஆகிறது. கண்ணாடியில் தெரியும் ஆண்மையும் தகப்பனாவதும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும் இடம் இது. குழந்தை வேண்டுபவருக்குக் கொடுக்கக்கூடாத மருந்தின் பெயர்தான் நம் ஊரில் ‘ஆண்மை ஊசி’.

‘வாலிப வயோதிக அன்பர்களே’ என்று தொடங்கும் விளம்பரங்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். எந்தத் தேதியில் எந்த ஊர் லாட்ஜில் வைத்தியரைச் சந்திக்கலாம் என்று அவை சொல்லும். நள்ளிரவுத் தொலைக்காட்சியில் அதே அச்சம் இன்றும் விற்பனையாகிறது. சுய இன்பம், நரம்புத் தளர்ச்சி, குழந்தையின்மை எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டி ‘ஆண்மை’ என்று பெயர்ச்சீட்டு ஒட்டுகிறார்கள். அவர்களிடம் போகிற ஆண் குறைந்தபட்சம் போகவாவது செய்கிறார். ஆனால் அங்கே ரத்தம் எடுக்கப்படுவதில்லை. எல்.எச். எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. லேகியத்தோடு திரும்பி வருகிறவரின் வீட்டில் இன்னொரு ஆண்டு கழிகிறது. அந்த ஆண்டு அவர் வயதில் பெரிதாக எதையும் மாற்றாது. அவர் மனைவியின் சினைப்பையில் மாற்றும்.

*

நவீன மருத்துவமனைக்குப் போனால் நிலைமை வேறாகிவிடுகிறதா? பலகையைப் பாருங்கள்: மகப்பேறு மற்றும் மகளிர் நலம். கருத்தரிப்பு மையம். ஆணின் உடலில் உள்ள குறையைத் தூக்கிக்கொண்டு நாம் நுழைவது பெண்களுக்கான கட்டடத்துக்குள். சீட்டு அவள் பெயரில் போடப்படுகிறது. மருத்துவர் அவளைப் பார்த்துப் பேசுகிறார். ஆண் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒரு கோப்பையில் விந்தைக் கொடுப்பதோடு அவருடைய பங்கு முடிந்துவிடுகிறது. ஹார்மோன் சுரப்பிகளுக்கான மருத்துவரிடம் அவரை அனுப்பும் கடிதம் எழுதப்படாமல் போவது எளிது.

1992இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரிலிருந்து ஒரு புதுமுறை வந்தது. ஒரே ஒரு விந்தணுவை நுண்ணிய ஊசியால் சினைமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்துவது, இக்ஸி என்கிறார்கள். ஆண் குழந்தையின்மைக்கான பெரும் தீர்வு என்று அது கொண்டாடப்பட்டது. அதனால் குழந்தை பெற்றவர்கள் ஏராளம். வேறு வழியே இல்லாதவர்களுக்கு அது வரம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த முறை நடக்கும் உடல் எது? பெண் பத்து நாள் அளவுக்குத் தினமும் ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். மயக்க மருந்து கொடுத்து, பிறப்புறுப்பின் வழியே ஊசி செலுத்திச் சினைமுட்டைகளை உறிஞ்சி எடுக்க வேண்டும். சிலருக்குச் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மருத்துவமனையில் படுக்க நேர்கிறது. ஆணுக்குக் குறை, அறுவை மேசையில் பெண்.

அவளுக்குப் போடும் அந்த ஊசியின் பெயரைப் பாருங்கள். எஃப்.எஸ்.எச். முட்டையை முதிரவைக்கக் கடைசியில் போடுவது, பல இடங்களில், எச்.சி.ஜி. ஹார்மோன் குறைபாடுள்ள ஆணுக்கு மாதக்கணக்கில் தர வேண்டிய அதே இரண்டு மருந்துகள். ஒரே மருந்துக் கடை, ஒரே குளிர்பெட்டி. யார் உடலில் ஏற்றுவது என்பதில்தான் முடிவு இருக்கிறது. ஹார்மோன் சிகிச்சைக்குப் பிறகும் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்து இக்ஸி தேவைப்படலாம். மனைவியின் வயது நாற்பதை நெருங்கினால் இரண்டு ஆண்டு பொறுப்பது சரியாகவும் இருக்காது. இவை நியாயமான காரணங்கள். ஆனால் அந்தக் காரணங்கள் அவளிடம் சொல்லப்பட்டு, எடைபோடப்பட்டு, அவள் முடிவெடுத்திருக்க வேண்டும். ஆணின் ரத்தத்தில் அந்த நான்கு எண்களைப் பார்க்காமலே பெண்ணுக்கு ஊசி தொடங்கப்படும்போது நடப்பது வறடிக்கல்லைச் சுற்றுவதன் நவீன வடிவம்தான். இம்முறை கல்லுக்குப் பதில் இயந்திரம்.

*

இந்த மருந்துகள் எங்கிருந்து வந்தன என்ற வரலாறு, ‘ஆண்மை’ பற்றிப் பேசும் எவரும் அறிய வேண்டியது. 1920களின் பிற்பகுதியில் பெர்லினில் செல்மார் ஆஷ்ஹைம், பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்ற இருவர் கர்ப்பிணிகளின் சிறுநீரில் இனப்பெருக்க உறுப்புகளைத் தூண்டும் ஹார்மோன் இருப்பதைக் காட்டினார்கள். எச்.சி.ஜி. அதுதான். கரு தங்கியதும் நஞ்சுக்கொடியின் திசுவில் சுரந்து தாயின் சிறுநீரில் இறங்குவது. வீட்டில் இரண்டு கோடு பார்க்கும் சோதனையும் அதையே தேடுகிறது. கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த அதே பொருள்தான், தன்னால் டெஸ்டோஸ்டீரான் சுரக்க முடியாத ஆணின் உடலில் அதைச் சுரக்கவைக்கிறது.

எஃப்.எஸ்.எச். மருந்தின் கதை இன்னும் விந்தையானது. மாதவிடாய் நின்ற பெண்களின் சினைப்பை பதில் சொல்வதை நிறுத்திவிடுவதால், பிட்யூட்டரி இந்த ஹார்மோன்களை மிகுதியாகச் சுரக்கிறது. அது சிறுநீரில் வெளியேறுகிறது. 1949இல் இத்தாலியின் செரோனோ நிறுவனத்தில் பியரோ டோனினி அதைப் பிரித்தெடுத்தார். மருந்து தயாரிக்க லிட்டர் லிட்டராக, தூய்மையான சிறுநீர் தேவைப்பட்டது. இத்தாலியக் கன்னிமாடங்களின் முதிய கன்னியாஸ்திரிகளிடமிருந்து அது சேகரிக்கப்பட்டது. புரூனோ லூனன்ஃபெல்ட் என்ற மருத்துவர் அதைச் சிகிச்சையில் பயன்படுத்த, 1962இல் இஸ்ரேலில் அம்மருந்தால் முதல் குழந்தை பிறந்தது. இன்று இது செல் வளர்ப்பில் தயாராகிறது. அதற்குப் பயன்படும் செல்களும் ஒரு வெள்ளெலியின் சினைப்பையிலிருந்து வழிவழியாக வளர்க்கப்பட்டவை.

பிள்ளை பெறும் வயது கடந்தவள் என்று மங்கல காரியங்களில் ஓரமாக உட்காரவைக்கப்படுகிறவள், பிள்ளையே பெறமாட்டேன் என்று துறவு பூண்டவள். ஆண்களைத் தகப்பனாக்கும் மருந்து இவர்களுடைய உடலின் கழிவிலிருந்து எடுக்கப்பட்டது. இதை எழுதும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ரத்தத்தில் இந்த ஹார்மோன்களை அளக்க முடிந்ததும் ஒரு பெண்ணால்தான். ரோசலின் யாலோ நியூயார்க்கில் இயற்பியல் படித்தவர். ஒரு பேராசிரியருக்குச் செயலராக வேலை பார்த்துப் பின்வாசல் வழியாகத்தான் மேற்படிப்புக்குள் நுழைய முடியும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. சாலமன் பெர்சனோடு சேர்ந்து அவர் உருவாக்கிய கதிரியக்க முறை, ரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் இருக்கும் ஹார்மோனையும் அளக்கவைத்தது. 1977இல் மருத்துவ நோபல் பரிசில் பாதி அவருக்கு. மறுபாதியைப் பகிர்ந்துகொண்டவர்கள் ரோஜர் கில்லமன், ஆண்ட்ரூ ஷாலி, ஜி.என்.ஆர்.எச். போன்ற மூளை ஹார்மோன்களைக் கண்டறிந்தவர்கள். துடிப்பைக் கண்டவர்களுக்கும் அதை அளக்கக் கற்றுக்கொடுத்தவருக்கும் ஒரே மேடை. மூளை கூப்பிடுகிறதா இல்லையா என்று சொல்லும் அந்த நான்கு எண்களுக்குப் பின்னால் யாலோ இருக்கிறார்.

*

வாரம் மூன்று ஊசி என்றால் ஓர் ஆண்டுக்கு 156. இரண்டு மருந்தும் சேர்ந்தால் இன்னும் கூடும். மருந்தைக் குளிர்பெட்டியில் வைப்பது, தேதி பார்த்து எடுத்துக் கொடுப்பது, விருந்தாளி வந்தால் மறைப்பது யார்? பல வீடுகளில் மனைவிதான். மாமியார் கேட்டால் அது தனக்கான ஊசி என்று அவளே சொல்லிக்கொள்வதும் உண்டு. கணவனின் குறையைத் தன் குறையாக ஏற்றுக்கொள்ளும் மனைவியை நம் கதைகளும் திரைப்படங்களும் தியாகி என்று வணங்கியிருக்கின்றன. சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள். அந்த விரதத்தையும் அவளே இருக்கிறாள். மண்சோறு சாப்பிடுகிறவளும் மரத்தில் தொட்டில் கட்டுகிறவளும் அவள். அவருடைய மருந்து அவரைச் சேர்ந்த பிறகும், பழி அவளிடமிருந்து நகர்வதில்லை.

அந்த மௌனத்தைக் கருணை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அதன் விளைவு வேறாக இருக்கிறது. அவள் மறைப்பதால் அவர் பரிசோதனை தள்ளிப்போகிறது. அடுத்த தெருவில் அதே குறைபாடுள்ள இன்னொருவருக்கு, இதற்கு மருந்து உண்டு என்பதே தெரியாமல் போகிறது. பதினாறு வயதிலும் மீசை அரும்பாத பையனை மருத்துவரிடம் அழைத்துப் போகலாம் என்று எந்தத் தாய்க்கும் யாரும் சொல்வதில்லை. அப்போதே போயிருந்தால் அவன் பள்ளிப் பருவமும் பிழைத்திருக்கும். பின்னாளில் ஒரு பெண்ணின் பத்து ஆண்டுகளும் பிழைத்திருக்கும். ஆணைக் காப்பாற்றுவதாக நினைத்துக் காக்கும் மௌனம் அந்த ஆணுக்கும் நல்லது செய்யவில்லை.

குழந்தை வேண்டும் என்பது ஒவ்வொருவரின் விருப்பமாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வேண்டாம் என்று சொல்லும் உரிமைக்காகவும் நாம் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் வேண்டும் என்கிறவள் தன் உடலைத் தேவையில்லாமல் அறுக்கக் கொடுக்க வேண்டியதில்லை. வேண்டாம் என்கிறவளின் முடிவும், அவர் பரிசோதிக்கப்படாததால் அவள்மேல் விழுந்த விதியாக இருக்கக்கூடாது.

மாணவிகளுக்குச் சொல்ல விரும்புவது எளிய ஒன்று. நாளை உங்கள் வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ, திருமணமான இரண்டாம் ஆண்டில், “விசேஷம் ஏதும் உண்டா?” என்ற கேள்வி வரும். அவள் ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் கிளம்பிக்கொண்டிருப்பாள். அவளிடம், “அவருக்கு எடுத்தாயிற்றா?” என்று கேளுங்கள். விந்துப் பரிசோதனை வலியற்றது. அவளுக்குச் செய்யப்போகிற எதையும்விடச் செலவு குறைந்தது. முடிவு வந்தபின் அதில் என்ன இருக்கிறதோ அந்தப் பெயரால் மட்டும் அதைச் சொல்லுங்கள்: விந்தணு இல்லை, எல்.எச். குறைவு, எஃப்.எஸ்.எச். குறைவு. அந்தத் தாளில் ‘ஆண்மை’ என்ற சொல் எங்கும் அச்சிடப்பட்டிருக்காது. நாமும் அதை அங்கே எழுதிச் சேர்க்க வேண்டாம்.